நகம் சொல்லும் செய்தி



  

நகத்தைப் பற்றிப் பாடம் எழுத என்ன இருக்கிறது, வெட்டி எறிகிற பொருள்தானே என்று நீங்கள் எண்ணக்கூடும். நாமும் வெகு காலம் அப்படியே எண்ணியிருந்தோம். நமது கடையிலேயே நடந்த ஒரு காரியம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அதை ஒளிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றிலிருந்து வாரம் தவறாமல் சாமான் வாங்க வரும் ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும். ஒரு நாள் கல்லாவுக்கு முன்னால் கையை விரித்துக் காட்டி, "நானா, நகமெல்லாம் காகிதமாட்டம் மடங்குது. துணி துவைச்சா பிஞ்சுக்குது. ஏதாச்சும் மருந்து இருந்தா குடுங்க" என்றார். அலமாரியில் நகத்தைக் கெட்டிப்படுத்துவதாகச் சொல்லும் பூச்சுக் குப்பி இருந்தது. "இதைத் தடவிப் பாருங்க அக்கா, 15 வெள்ளிதான்" என்று கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து இன்னொரு குப்பி. பிறகு மூன்றாவது. குணமில்லை என்று அவர் சொன்னபோதெல்லாம், விடாமல் தடவ வேண்டும் என்றே சொன்னோம். வியாபாரியின் நாக்கு அப்படித்தான் பேசும்.

மூன்றாவது குப்பியை வாங்கிய அன்று, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தேயிலைத் தூள் வாங்க நின்றிருந்தார். அவர் அந்த அம்மாளின் கையைப் பார்த்துவிட்டு, "கையை நீட்டும்மா" என்று சொல்லி, குவளையிலிருந்த தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து மோதிர விரல் நகத்தின் மேல் விட்டார். நல்ல நகமாயிருந்தால் அந்தச் சொட்டு வழிந்து போயிருக்க வேண்டும். வழியவில்லை. கரண்டியில் நிற்பதுபோல் நின்றது. நகத்தின் நடு குழிந்து, ஓரங்கள் மேலே தூக்கியிருந்ததை அப்போதுதான் நாம் கண்டோம்.

"படி ஏறுனா மூச்சு வாங்குதா? மண்ணு, பச்சரிசி, ஐஸ், இப்படி எதையாச்சும் திங்கணும்னு தோணுதா?" என்று பெரியவர் கேட்டார். அந்த அம்மாள் வெட்கப்பட்டு நம்மைப் பார்த்தார். ஏனெனில் வரும்போதெல்லாம் நம்மிடம் ஒரு பை ஐஸ்கட்டி வாங்கி, பஸ் வருமுன் வாசலில் நின்றே கடித்துத் தின்பது அவர் வழக்கம். வெயில் தாங்காமல் தின்கிறார் என்று நாம் நினைத்திருந்தோம்.

"நானா, இவங்களுக்கு வேணுங்கறது உங்க குப்பி இல்ல. இரத்தம் பாக்கணும்" என்றார் பெரியவர்.

மறுநாள் அவர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார். கட்டணம் ஒரு வெள்ளி. பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாத ஹீமோகுளோபின் அவருக்கு 7தான் இருந்தது. இரும்புச் சத்து அறவே வற்றியிருந்தது. மாதாந்திர உதிரப்போக்கு மிக அதிகமாயிருப்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் சில வருஷங்களாகச் சகித்து வந்திருக்கிறார். கர்ப்பப்பையில் இருந்த கட்டியே அதற்குக் காரணம் என்பது பிறகு தெரிந்தது. நகம் அந்தச் சேதியைப் பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டேயிருந்தது. நாம் அதன் மேல் பூச்சைத் தடவச் சொல்லி, 45 வெள்ளி வாங்கியிருந்தோம்.

இந்த வெட்கத்தில்தான் நகத்தைப் பற்றி விசாரிக்கவும், படித்தவர்களிடம் கேட்கவும், நமது மதரஸா நாளில் ஓதியதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவும் தொடங்கினோம்.

மார்க்கம் காட்டும் வழி

நகம் வெட்டுவதை மனிதனின் இயல்பான சுத்த காரியங்களில் ஒன்றாக, அதாவது பித்ரத்தில் ஒன்றாக, நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதை ஹஜ்ரத் அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரண்டு கிதாபுகளிலும் பதிவாகியிருக்கிறது. கத்னா செய்தல், மீசையைக் கத்தரித்தல் முதலியவற்றோடு சேர்ந்த ஐந்தில் இது ஒன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் வேறொரு ஹதீஸில் பத்துக் காரியங்கள் வருகின்றன. அதில் விரல் கணுக்களின் மடிப்புகளைக் கழுவுவதும் ஒன்று. அழுக்குத் தங்கும் இடம் எதுவென்று எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள்!

தவணையும் உண்டு. நாற்பது இரவுகளுக்கு மேல் விடக்கூடாது என்று தங்களுக்குத் தவணை வைக்கப்பட்டதாக ஹஜ்ரத் அனஸ் (ரலி) சொல்வது முஸ்லிமில் இருக்கிறது. இதை நாம் கடைக்கணக்காகப் போட்டுப் பார்த்தோம். கைவிரல் நகம் ஒரு நாளைக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் வளர்கிறது என்பது டாக்டர்களின் கணக்கு. நாற்பது நாளில் 4 மில்லிமீட்டர். விரல் நுனியைத் தாண்டி அழுக்குத் தங்க அது தாராளமான இடம். நாற்பது என்பது கடைசி எல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் வெட்டிக்கொள்ளும் நமது வழக்கமே அடுப்படியிலும் கல்லாவிலும் இருப்பவர்களுக்கு ஏற்றது.

எந்த விரலில் தொடங்குவது என்று பள்ளிவாசல் திண்ணையில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் வலக்கை ஆட்காட்டி விரலில் தொடங்கும் ஒரு வரிசையைச் சொன்னார்கள். இமாம் நவவி (ரஹ்) அதில் கட்டைவிரலின் இடத்தை மாற்றிச் சொன்னார்கள். ஆனால் வரிசை பற்றி உறுதியான ஹதீஸ் எதுவும் இல்லை என்று புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) தெளிவாக எழுதிவிட்டார்கள். வலப்புறத்தை முற்படுத்துவது நல்லது. அதற்கு மேல் சண்டை வேண்டாம். இரவில் நகம் வெட்டினால் தரித்திரம் என்ற பேச்சும் அப்படியே. மண்ணெண்ணெய் விளக்கின் மங்கலில் சதையோடு வெட்டிக்கொள்ளாதிருக்கப் பெரியவர்கள் சொன்ன பேச்சாக அது இருக்கலாம். மார்க்கத்தில் தடை இல்லை.

குர்பானி கொடுக்க நிய்யத்து வைத்திருப்பவர் துல்ஹஜ் பிறை கண்டதிலிருந்து தமது குர்பானி முடியும்வரை நகமும் முடியும் களையாமலிருக்க வேண்டும் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். ஷாபி மத்ஹபில் அந்நாட்களில் களைவது மக்ரூஹ். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இதை நினைவில் வைத்து, பிறை தெரிவதற்கு முதல் நாளே ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது. அப்படிச் செய்தால் அந்தப் பத்து நாளும் சமையல் கைக்குச் சங்கடமில்லை.

ஒளு விஷயம் இன்னும் முக்கியம். மலாக்கா பட்டணத்தில் தங்காசான் தெருவிலுள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசலை நமது முன்னோர்களான இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1748ல் கட்டினார்கள். அங்கே ஒளு செய்யும் தடாகத்தண்டை உட்கார்ந்து பக்கத்திலிருப்பவர்களின் கைகளைச் சற்றுப் பாருங்கள். மைதா மாவு காய்ந்த நகம், சாயம் ஏறிய நகம், மஞ்சள் அப்பிய நகம் என்று ஒவ்வொருவர் தொழிலும் விரலில் தெரியும். மஞ்சள் நிறம் ஒளுவைத் தடுக்காது, அது வெறும் நிறம். காய்ந்த மாவும் சாயப் பசையும் அப்படியல்ல. தண்ணீர் தோலைத் தொடவிடாமல் தடுக்கும் பொருள் எதுவாயினும் களைந்தே ஒளு செய்ய வேண்டும். ரொட்டி வீசும் தம்பிமார் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நகத்தடியில் மாவு காய்ந்திருக்கத் தொழுதுவிட்டு ஓடி வருகிறார்கள்.

நமது பெண்மக்கள் கேட்கும் கேள்வியும் இதேதான். நகப் பூச்சு மேலே படலமாகப் படிகிறது. ஆகவே ஒளுவுக்கும் குளிப்புக்கும் அது தடை. மருதோன்றி படலமல்ல. அந்த இலையிலுள்ள சாயம் நகத்தோடும் தோலோடும் சேர்ந்து நிறமாகிவிடுகிறது. மலாய்ச் சகோதரர்கள் இனாய் என்று சொல்லிக் கல்யாணத்துக்கு இடுவதும் இதுவே. ஆனால் நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி" என்று இரவுச் சந்தைகளில் விற்பதில் தலைமுடிச் சாயத்தின் மருந்தைக் கலப்பதுண்டு. அது தோலைக் கொப்பளிக்கச் செய்து, ஆயுள் முழுவதும் ஒவ்வாமையை விட்டுச் செல்லக்கூடும். பச்சை இலையை அரைத்த மருதோன்றியில் கறுப்பு வராது, செம்மைதான் வரும். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இதை அறிய வேண்டும்.

நகம் வளரும் விதம்

நாம் கண்ணால் காணும் நகம் உயிரற்றது. முடிக்கும் மாட்டுக் கொம்புக்கும் உள்ள கெரட்டின் என்ற அதே பொருளால் ஆன தகடு அது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிருள்ள இடம் நகத்தின் அடிவேர். தோலுக்குள் மறைந்திருக்கும் அந்தப் பட்டறையில்தான் நகம் செய்யப்பட்டு வெளியே தள்ளப்படுகிறது. கட்டைவிரலில் பிறைபோல் வெளுத்துத் தெரிவது அந்தப் பட்டறையின் முன்வாசல்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் விளங்குகின்றன. மேலே தடவுவது எதுவும் நகத்துக்கு ஊட்டம் தர முடியாது, ஏனெனில் செத்த தகட்டுக்கு வாயில்லை. ஊட்டம் இரத்தத்தின் வழியாக வேருக்குப் போக வேண்டும். அடுத்தது, வேர் இன்று சீரானாலும் அதன் பலன் விரல் நுனிக்கு வந்து சேரச் சுமார் ஆறு மாதம் பிடிக்கும். கால் பெருவிரலுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். "ஒரே வாரத்தில் உறுதி" என்று குப்பியில் அச்சிட்டிருந்தால் அது எப்படிப்பட்ட பேச்சென்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் வில்லியம் பீன் என்றொரு டாக்டர் தமது இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் கோடு கீறி, அது நகர்ந்து வருவதை 35 வருஷம் குறித்து வைத்தார். 1980ல் அந்தக் கணக்கை வெளியிட்டார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. கடைப் பேரேட்டைக்கூட நாம் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை.

நகமும் ஒரு பேரேடுதான். கடுங்காய்ச்சலோ பெரிய நோயோ கண்டால் பட்டறை சில நாள் வேலையை நிறுத்திவிடும். பிறகு அந்த நாட்கள் குறுக்கே ஒரு பள்ளமாக எல்லா நகங்களிலும் தெரியும். 1846ல் இதை எழுதிய போ என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயராலேயே அந்தக் கோட்டை இன்றும் அழைக்கிறார்கள். பள்ளம் அடித்தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன் அந்த ஆள் படுக்கையில் கிடந்தார் என்று கணக்குச் சொல்லலாம்.

நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாத்திரையும் வாங்குவார்கள். நாமும் விற்றிருக்கிறோம். அது சரியல்ல. வேர்ப்பக்கத்தில் எப்போதோ பட்ட சிறு அடியின் தழும்பே பெரும்பாலும் அந்தப் புள்ளி. நகத்தோடு வளர்ந்து போய்விடும். நகத்தின் கெட்டித்தன்மைக்குக் கந்தகம் கலந்த கட்டுகளே காரணம், சுண்ணாம்பு அல்ல.

பயப்பட வேண்டிய குறிகள் வேறு. கரண்டிபோல் குழிதல் இரத்தச் சோகையைக் காட்டும் என்பதைச் சொன்னோம். விரல் நுனி தடித்து, நகம் கிளி மூக்குபோல் வளைந்து உருண்டால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். புகை பிடிக்கும் சகோதரர்கள் இரண்டு ஆட்காட்டி விரல்களின் நகங்களையும் முதுகோடு முதுகாகச் சேர்த்துப் பாருங்கள். நடுவே வைரக்கல் வடிவில் சிறு சந்து தெரிந்தால் சரி. சந்து மூடியிருந்தால் டாக்டரிடம் காட்டுவதில் தாமதம் வேண்டாம்.

கறுப்புக் கோடு ஒன்று உண்டு. நம்மைப் போன்ற கறுத்த தோலுடையவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும். அதற்குப் பயமில்லை. ஒரே ஒரு நகத்தில் மட்டும் புதிதாகத் தோன்றி, அகலமாகி, பக்கத்துத் தோலுக்கும் கறுப்புப் பரவினால் அது புற்றுநோயாயிருக்கக்கூடும். யோங்கர் தெருவில் விற்கும் சட்டைகளில் சடைமுடியோடு ஒருவர் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பாப் மார்லி என்ற ஜமைக்காப் பாடகர். 1977ல் அவருடைய கால் பெருவிரல் நகத்தடியில் இருந்ததைப் பந்து விளையாட்டில் பட்ட அடி என்று முதலில் எண்ணினார்கள். அது தோல் புற்றுநோய். 1981ல் 36 வயதில் அவர் இறந்தார். படத்தை விற்கிற நமது தம்பிமாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைக் கையும் தோட்டக் கையும்

மலாக்காவில் நம்மவர் நகத்தைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கே. கேட்க ஆச்சரியமாயிருக்கும். நகம் தண்ணீரை உறிஞ்சி ஊதுகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. ஒரு நாளில் ஐம்பது தடவை இப்படி ஊதிச் சுருங்கினால் அடுக்கடுக்காகப் பிரிந்து உடையாமல் என்ன செய்யும்? மங்கு கழுவுகிறவர், மீன் ஆய்கிறவர், இறால் உரிக்கிறவர், தே தாரிக் ஆற்றுகிறவர் எல்லாருக்கும் இதே கதி. சவர்க்காரம் உள்ள எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடுகிறது. கையுறை போடச் சொன்னால் உள்ளே வியர்க்கிறது என்பார்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் போட்டால் வியர்வையை உள்ளுறை உறிஞ்சிக்கொள்ளும். இரவு படுக்குமுன் கையை நன்கு துடைத்து, நகத்துக்கும் அதன் அடித்தோலுக்கும் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். 15 வெள்ளிக் குப்பியைவிட அது உதவும்.

நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைப் பலர் பல்லால் கடித்தும் கத்தியால் சுரண்டியும் எடுக்கிறார்கள். அதை எடுக்கவே கூடாது. பட்டறைக்குள் தண்ணீரும் கிருமியும் நுழையாமல் அடைத்திருக்கும் கதவு அது. கதவைப் பிடுங்கினால் நகச்சுற்று வரும். விரல் வீங்கிச் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும். நமது ஊரில் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகுவார்கள். குளிர்ச்சியாயிருக்கும், ஆனால் சீழை அது வெளியேற்றாது. ஆரம்பத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நாளுக்கு நான்கு தடவை விரலை முக்கி வைத்தால் பல சமயம் அடங்கிவிடும். சீழ் கோர்த்துவிட்டால் டாக்டர்தான் கீறி எடுக்க வேண்டும். தையல் ஊசியால் குத்தாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. 2019ல் நாடு தழுவி எடுத்த சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100க்கு 31 பேர். அதாவது நமது கடையில் மூன்று பேர் நின்றால் ஏறக்குறைய ஒருவர். இவர்கள் கால்நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களை உள்ளே வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து புண்ணாகும். அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் ஜமாஅத்திலேயே கண்டிருக்கிறோம்.

நகம் மஞ்சளித்துத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது காளான் பிடித்ததாயிருக்கலாம். எல்லாத் தடிப்பும் காளானல்ல. ஆகவே நகத்தைச் சுரண்டிப் பரிசோதித்த பிறகே மருந்து சாப்பிட வேண்டும். கைநகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்று மாத்திரை கொடுப்பார்கள். ஈரல் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மேரி மாலன் என்ற சமையற்காரி நல்ல தேகசுகத்தோடு இருந்துகொண்டே, சமைத்த வீடுகளிலெல்லாம் டைபாய்டு காய்ச்சலைப் பரப்பினாள். 1907ல் அவளைப் பிடித்துத் தனியே வைத்தார்கள். விடுதலையானதும் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி சமையலுக்குப் போனாள். 1915ல் மீண்டும் பிடித்து, 1938ல் இறக்கும்வரை அடைத்து வைத்தார்கள். கக்கூசுக்குப் போய்வந்து சரியாகக் கழுவாத கையே அவளுடைய ஆயுதம். நீண்ட நகம் அந்தக் கைக்குச் சேமிப்பு அறைபோல. நமது நாட்டில் 2009ல் வந்த உணவுச் சுகாதார விதிகள் சமையல் ஆட்களுக்குப் பயிற்சியும் தடுப்பூசியும் வேண்டுமென்று கட்டளையிடுகின்றன. ஊசி போட்ட சீட்டைச் சுவரில் மாட்டிவிட்டு நகத்தைப் பார்க்காமலிருந்தால் என்ன பிரயோஜனம்? காலையில் கடை திறக்கும்போது ஆட்களின் கையை முதலாளி பார்க்க வேண்டும். அதற்கு முன் தமது கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்துக் கையின் கதை வேறு. 1896ல் டான் சே யான் என்ற சீனப் பெருமகன் மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் கித்தா பயிரிட்டார். மலாயாவில் தோட்டமாகக் கித்தா போட்டது அதுவே முதல். அன்றிலிருந்து பால்மரம் வெட்டியும், பாலை உறைய வைக்கும் அமிலத்தில் கை நனைத்தும் வாழ்ந்த தமிழ்க் கைகள் எத்தனை! பின்னால் செம்பனை வந்தது. செம்பனையோடு களைக்கொல்லி மருந்தும் மிகுந்தது. தோளில் டப்பாவைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி கையில் பட்டால் நகம் வெளுத்து, நிறம் மாறி, கடைசியில் கழன்றே விழும் என்று 1969ல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் எழுதியாயிற்று. நம் நாட்டில் 2002ல் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களின் துன்பங்களை அறிக்கையாக வெளியிட்டது. அந்த வருஷமே அரசாங்கம் அம்மருந்துக்குத் தடை அறிவித்தது. 2006ல் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் தேதியில்தான் வந்தது. 1969க்கும் 2020க்கும் நடுவில் 51 வருஷம்! நகம் சொன்னதைக் கேட்கத் தாமதித்தவர்கள் நாம் மட்டும் அல்ல.

இப்போதும் வேறு மருந்துகள் அடிக்கிறார்கள். களைக்கொல்லி விற்கும் நம் சகோதரர்கள் மருந்தோடு நல்ல கையுறையையும் எடுத்து வைத்து, வாங்குங்கள் என்று சொல்ல வேண்டும். துணிக் கையுறை ஆகாது. அது மருந்தை உறிஞ்சி நகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டேயிருக்கும்.

நீளமும் மாத்திரையும்

நகத்தை வளர்ப்பதே பெருமை என்று எண்ணுகிறவர்கள் புனே நகரத்து ஸ்ரீதர் சில்லாலைப் பற்றிக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரின் நீண்ட நகத்தைத் தவறி உடைத்துவிட்டு வசவு வாங்கியவர், 1952ல் தமது இடக்கை நகங்களை வளர்க்கத் தொடங்கினார். 66 வருஷம் வெட்டவில்லை. ஐந்து நகங்களும் சேர்ந்து 909.6 சென்டிமீட்டர். 2018ல் நியூயார்க்கில் வெட்டினார்கள். உலக சாதனைதான். ஆனால் அந்தக் கையின் விரல்களை மடக்கவோ நீட்டவோ அவரால் முடியாமற்போயிற்று.

ஒட்டு நகங்களும் இப்போது பெருநாள், தீபாவளிச் சமயங்களில் நன்றாக விலைபோகின்றன. ஒட்டுவதற்காக இயற்கை நகத்தை அராவி மெலிதாக்குகிறார்கள். இடையில் ஈரம் நுழைந்தால் கிருமி வளர்ந்து நகம் பச்சையாகிவிடும். தொழுகிற பெண்களுக்கு ஒளுச் சங்கடம் வேறு.

நக வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை கேட்டு வருகிறார்கள். அந்தச் சத்து முட்டையிலும் கடலையிலும் இருக்கிறது. சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறவருக்குக் குறைவது அபூர்வம். அதைப் பெரிய அளவில் சாப்பிட்டால் இரத்தப் பரிசோதனையின் கணக்கு புரண்டுவிடும் என்று அமெரிக்க அரசின் மருந்து இலாகா 2017ல் எச்சரித்தது. மாரடைப்பு வந்தவருக்கு வரவில்லை என்று காட்டிவிடக்கூடுமாம். ஆகவே சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஜெலட்டின் மாத்திரைகளோ, எந்தப் பிராணியின் எலும்பும் தோலும் என்று தெரியாத பொருள். ஜாக்கிம் ஹலால் முத்திரை பார்க்காமல் வாங்கி அடுக்க வேண்டாம். முத்திரை இருந்தாலும் நகம் அதனால் கெட்டிப்படும் என்று வாடிக்கையாளரிடம் உறுதி சொல்ல வேண்டாம்.

இரும்புச் சத்துக்கு ஈரல், ஆட்டிறைச்சி, கெராங் சிப்பி, பயறு வகை நல்லவை. கர்ப்பிணிகள் ஈரலை மட்டும் அளவோடு நிறுத்த வேண்டும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். தேநீர் அதைத் தடுக்கும். தே தாரிக் விற்றுப் பிழைக்கிற சமூகம் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்றே சொல்கிறோம். ஆண்களுக்கு இரத்தச் சோகை வந்தால் உணவால் வந்ததென்று இருந்துவிடாமல், வயிற்றிலோ குடலிலோ எங்கே இரத்தம் கசிகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். மூலம் என்று வெட்கப்பட்டு மறைப்பது ஆபத்து.

அந்த அம்மாள் இரும்பு மாத்திரை சாப்பிட்டார். கட்டிக்கும் சிகிச்சை செய்துகொண்டார். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களிலேயே ஐஸ் கேட்பதை நிறுத்திவிட்டார். நகம் மாறத்தான் ஆறு மாதத்துக்கு மேலாயிற்று. அடியிலிருந்து மேடாக வளர்ந்து வந்து, குழியான பழைய பகுதியை நுனிக்குத் தள்ளியது. ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் கடைக்கு வந்தவர், தாமாகவே குவளையில் விரலை முக்கி, நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். சொட்டு வழிந்து கல்லாப் பலகையில் விழுந்தது.

"பாத்தீங்களா நானா?"

"அல்ஹம்துலில்லாஹ், பாத்தேன் அக்கா."

"அப்போ அந்த மூணு குப்பிக் காசு?" என்று சிரித்தார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். நாம் கல்லாவைத் திறந்து 45 வெள்ளியை எண்ணி வைத்தோம். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தவர், கடைசியில் அதற்கு முட்டையும் பயறும் வாங்கிக்கொண்டு போனார். அலமாரியில் மிஞ்சியிருந்த குப்பிகளை அனுப்பிய கம்பெனிக்கே திருப்பிவிட்டோம். அந்த இடத்தில் இப்போது ரப்பர் கையுறை அடுக்கியிருக்கிறோம்.